கான்பெராவில் நூற்றெட்டுச் சுற்று

மார்ச் 5, புதன்

சங்கரன்கோவில் தாலுகாவில் முப்பத்து நான்கு வருஷம் நில அளவையராக இருந்து, ஓர் அங்குலம்கூடத் தவறாமல் ஓய்வு பெற்ற ஆவுடையப்பன் ஆகிய நான், முழுச் சுயநினைவோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் எழுதிவைப்பது என்னவென்றால்: இந்த நோட்டில் வரப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பவும் வேண்டாம். என் மனைவி முப்பத்தைந்து வருஷமாக என்னை நம்பாமலே சௌக்கியமாக இருக்கிறாள்.

ஆஸ்திரேலிய அரசாங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கான்பெரா என்ற தங்கள் தலைநகரைப் படம் போட்டு, கோடு கிழித்து, காட்டுக்கு நடுவில் கட்டினார்களே, அது நேராக நிற்கிறதா என்று. உலகம் பூராவும் ஆள் தேடினார்கள். கடைசியில் என் விலாசம் கிடைத்தது. காலில் விழாத குறையாகக் கூப்பிட்டார்கள். அதே சமயத்தில் என் தங்கை கோமதி, "ண்ணே, முட்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு நான் எப்படிப் பிளேன் ஏற? எம் மக வீட்டுக்கு நீயாவது போயிட்டு வாயேன்" என்று சொன்னது தற்செயல்.

தங்கை மகள் வடிவின் பெண் குழந்தைக்கு இருபத்து மூன்றாம் தேதி காது குத்துகிறார்கள். அதற்கும் என் வருகைக்கும் சம்பந்தமில்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவது வழக்கம். வடிவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாததால் அந்த மடி என்னுடையதாக இருக்கவேண்டும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்லக்கூடும். யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் பெட்டியின் அடியில், ஒரு காலுறைக்குள், சின்ன நகைப்பெட்டி ஒன்று இருப்பது உண்மை. அது பெட்டி காற்றில் பறந்துவிடாமல் இருப்பதற்காக.

விமான நிலையத்தில் வடிவின் கணவன் மயூரன் ஓடி வந்து என் பையைப் பிடுங்கினான். யாழ்ப்பாணத்துப் பையன், ஏழு வயதில் இங்கே வந்தவன். "வாங்கோ மாமா! பயணமெல்லாம் சுகமே மாமா? குளிருதோ மாமா?" ஒரு நிமிஷத்தில் பதினான்கு மாமா.

வடிவு, "வாங்க. சாப்பிட்டீங்களா?" என்றாள்.

எட்டு வருஷம் ஆயிற்று அவளைப் பார்த்து. அவள் கல்யாணத்துக்கு என்னால் போகமுடியவில்லை. அன்றைக்கென்று எங்கள் தாலுகாவில் ஒரு குளம் இடம் பெயர்ந்து பக்கத்துக் கிராமத்துக்குப் போய்விட்டது. அதைப் பிடித்து இழுத்து வந்து கட்டிப்போட என்னைத் தவிர ஆள் கிடையாது.

மார்ச் 6, வியாழன்

விடிந்ததும் ஆய்வைத் தொடங்கினேன். என்ன ஊர் இது! என்ன ஊர்!

ஒரு வீட்டுக்கும் முன்பக்கம் வேலியோ காம்பவுண்டுச் சுவரோ இல்லை. புல்வெளி நேராகத் தெருவில் வந்து விழுகிறது. வைக்கக்கூடாது என்று திட்டம் போட்டவர்களே சொல்லிவிட்டார்களாம். வரப்புத் தகராறு இல்லாத ஊரில் நில அளவையர் எதைத் தின்று வாழ்வார்? அதைவிட ஒரு அதிர்ச்சி: இங்கே எவனுக்கும் பட்டா இல்லை! நிலம் முழுக்க அரசாங்கத்துடையது. வீட்டுக்காரன் தொண்ணூற்றொன்பது வருஷத்துக் குத்தகைக்காரன். இதை மயூரன் சொன்னபோது நான் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தேன்.

இரண்டு மணி நேரம் நடந்தேன். மரங்கள் இருந்தன, பூக்கள் இருந்தன, வெள்ளைக் கொண்டைக் கிளிகள் ஆயிரக்கணக்கில் இருந்து என்னைப் பார்த்துக் கத்தின. மனிதர்கள் மட்டும் இல்லை. ஒரு தலைநகரத்துக்கு வேண்டிய சகல சாமான்களையும் வாங்கி வைத்தவர்கள் ஜனங்களை வாங்க மறந்துவிட்டார்கள். கடைசியில் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தாள். அந்த ஊரின் முதல் பிரஜை என்ற முறையில் அவளுக்கு இரு கை கூப்பி வணக்கம் சொன்னேன். நாய் பதில் சொன்னது.

சாயங்காலம் வடிவிடம், "ஏட்டி, டவுன் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"இதுதான் டவுன்."

"இது தோப்பு. பஸ் ஸ்டாண்டு, கடைவீதி, ஒருத்தன் மேல ஒருத்தன் இடிச்சிக்கிட்டு நடக்கிற எடம். அது எங்க?"

"அப்படி ஒண்ணு இல்ல" என்றாள். அரசாங்கத்தில் நகரத் திட்டப் பிரிவில் வேலை பார்க்கிறவள். வேறு யாராவது கேட்டிருந்தால் இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருப்பாள் என்று தோன்றியது.

மார்ச் 8, சனி

என் வருகையைக் கொண்டாட ஊர்க்காரர்கள் ஏரிக்கரையிலிருந்து முப்பது பலூன்களை ஆகாயத்தில் விட்டார்கள். நம் தேர் அளவுக்கு ஒவ்வொன்றும். ஒன்றின் கீழே தொங்கிய கூடையில் நின்ற வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துக் கையசைத்து, "கிளம்பலாமா?" என்று அனுமதி கேட்டார். தலையசைத்தேன். கிளம்பினார். அதிகாலை வெளிச்சம், கீழே ஏரி, ஏரிக்குள் இன்னொரு முப்பது பலூன் தலைகீழாக. அறுபதையும் நான் எண்ணினேன்.

குழந்தை ஆரணிக்குப் பதினொரு மாதம். பலூன் ஒவ்வொன்றும் நெருப்பு ஊதும்போது அவளும் உதட்டைக் குவித்து ஊதினாள். "குடு, நான் தூக்கிக்கிடுதேன்" என்று கை நீட்டினேன். வடிவு, "பரவால்ல, இருக்கட்டும்" என்றாள்.

எனக்கும் அப்போது கை வலிதான்.

மார்ச் 10, திங்கள்

நான் வந்து ஆறு நாள் முடிவதை முன்னிட்டு இன்று ஊருக்குப் பொது விடுமுறை. ஊருக்குப் பிறந்தநாள் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறார்கள்.

வடிவும் மயூரனும் பாராளுமன்றத்துக்குக் கூட்டிப்போனார்கள். அதைக் கட்ட ஒரு குன்றை வெட்டி, உள்ளே கட்டடத்தை வைத்து, மேலே மறுபடியும் புல்லைப் போர்த்திவிட்டார்கள். கூரையில் போய் நின்றேன். எனக்கு நேர் கீழே ஓர் அமைச்சர் இருந்திருக்கவேண்டும். என் காலடி விழுந்ததும் நாற்பது கோப்புகளில் கையெழுத்துப் போட்டுத் தீர்த்தார்.

அங்கே வைத்துத்தான் வடிவுக்கு வாய் திறந்தது. ஊரைப் பற்றிக் கேட்டால் அவளால் சும்மா இருக்கமுடியாது.

"சிட்னியும் மெல்போர்னும் நான்தான் தலைநகர்னு சண்டை போட்டுச்சு. ரெண்டுக்கும் இல்லாம நடுவுல ஆடு மேய்ச்ச எடத்துல இதைக் கட்டுனாங்க. படம் போட்டது சிகாகோவில இருந்த ஒரு புருஷன் பொண்டாட்டி. எடத்தைப் பாக்காமலே வரைஞ்சாங்க."

"எடத்தைப் பாக்காமலா?" எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பத்து நான்கு வருஷம் முள்ளில் மிதித்துப் புலப்படம் போட்டவன் நான்.

"இந்த ஏரியும் அந்தப் படத்துல இருக்கு. ஆனா தண்ணி நிறைய அம்பது வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் காகிதத்துல மட்டும் இருந்த ஏரி."

"நம்ம ஊர்ல தலைகீழு. காகிதத்துல இருக்க குளத்தை நாம தரையில தேடணும்."

மயூரன் விழுந்து விழுந்து சிரித்தான். வடிவுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததை நான் பார்த்தேன். உடனே அடக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி கேட்டாள்:

"என் கல்யாணத்தன்னைக்கு ஒரு குளம் ஓடிப்போச்சுன்னு அம்மாகிட்ட சொன்னீங்களே. அது திரும்பி வந்துச்சா?"

பதில் சொல்வதற்குள் காற்று பலமாக அடித்து என் தொப்பியைத் தூக்கிவிட்டது. தொப்பியைத் துரத்திக்கொண்டு நான் வெகுதூரம் போகவேண்டியதாயிற்று.

மார்ச் 11, செவ்வாய்

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காதுகுத்து அழைப்பிதழ் ஒட்டியிருக்கிறது. அச்சு நேர்த்தி. 'தாய்மாமன் ஸ்தானத்தில் திரு. சிவகுமாரன்' என்று கண்டிருக்கிறது. காகிதமும் கெட்டி.

மார்ச் 13, வியாழன்

உலக வரலாற்றில் இதுவரை நடக்காதது இன்று நடந்தது. ஆவுடையப்பன் வழி தவறினான். என் தவறு அல்ல. இந்த ஊர்த் தெருக்கள் நேராகப் போகிற பாவனையில் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, மனிதன் அசந்த நேரம் பார்த்து, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துகின்றன. வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் பிறை. ஒரே தபால்பெட்டியை ஐந்து தடவை பார்த்தேன். ஆறாவது தடவை அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வழி கேட்டிருக்கலாம். நில அளவையர் வழி கேட்பதில்லை. சூரியனை வைத்துத் திசை பிடித்தேன்; இந்த நாட்டில் உச்சி வேளைச் சூரியன் வடக்கே நிற்கிறது என்பதை எனக்கு யாரும் எழுத்து மூலமாகத் தெரிவிக்கவில்லை. நடந்து நடந்து நகரத்தைத் தாண்டி, காட்டைத் தாண்டி, தென்துருவத்தின் பனி என் பாதத்தில் படுகிற அளவுக்குப் போய்விட்டேன். இருபது கங்காருகள் புல்வெளியில் எழுந்து நின்று, முன்னங்கையை மார்பில் வைத்து எனக்கு மரியாதை செய்தன.

மயூரன் காரில் வந்து கண்டுபிடித்தான். வீட்டிலிருந்து மூன்றாவது தெரு என்று அவன் சொல்கிறான்.

"என்ன மாமா, ஃபோன் எடுத்திருக்கலாமே? இவ எவ்வளவு பயந்து போனா தெரியுமே? வேலையை விட்டுட்டு அவளும் தேடித் திரியிறா."

"யாரு, வடிவா?"

"வேற ஆர் மாமா?"

வீட்டு வாசலில் வடிவு நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கால் எல்லாம் மண்ணு. கழுவிட்டு வாங்க" என்றாள். அற்புதமான நாள்!

மார்ச் 15, சனி

அழைப்பிதழில் கண்ட திரு. சிவகுமாரன் வந்தார். மயூரனின் நண்பர், நகர ரயில் ஓட்டுகிறார். ஆறடிக்கு மேலே இரண்டு அங்குலம். தங்கமான மனுஷன், குறை கண்டுபிடிக்கலாம் என்று இரண்டரை மணி நேரம் கூடவே இருந்து பார்த்தேன், கிடைக்கவில்லை. எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "அண்ணை இருங்கோ" என்றார். வடிவை அவர் "தங்கச்சி" என்று கூப்பிட, அவள் "அண்ணா" என்று ஓடுகிறாள். ஆரணி அவர் கையில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றாள்.

அவர் மடியைக் கவனித்தேன். விசாலமான மடி. குழந்தை என்ன, ஒரு பஞ்சாயத்தே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லலாம்.

போகும்போது, "அண்ணை, நீங்கள்தானே வடிவின்ட சொந்த மாமா?" என்று கேட்டார்.

"ஆமா, தூரத்துச் சொந்தம்" என்றேன். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருமே.

மார்ச் 18, செவ்வாய்

கோமதி ஃபோனில்: "ண்ணே, நீ அவகிட்டக் கேட்டியா, இல்லியா?"

"என்னத்த?"

"மடியைத்தான்!"

"மாமன்காரன் கேட்டு வாங்குததா? கூப்பிடணும்ட்டி. முறைப்படி வந்து கூப்பிடணும்."

"இதே பேச்சைப் பேசித்தான் எட்டு வருஷத்தைத் தொலைச்சே. ஒன் மகனை அவ கட்டிக்கிட மாட்டேன்னா. அவ்வளவுதான? ஒன் மகனுக்கே அவளைக் கட்ட இஷ்டம் கெடையாது. 'தப்பிச்சோம்டா'ன்னு பொரோட்டாக் கடையில பார்ட்டி குடுத்தான்."

இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. கடலுக்கடியில் ஒரு திமிங்கிலம் கம்பியைக் கடித்திருக்கவேண்டும். அந்தச் சமயத்தில் என் விரலும் சிவப்புப் பொத்தான் மேல் இருந்தது.

என் மகன் பார்ட்டி கொடுத்தது எனக்குத் தெரியாது.

மார்ச் 20, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நம்புகிறவர்கள் நம்பலாம்.

மத்தியானம் வடிவு விடுப்பு எடுத்துக்கொண்டு, "வாங்க, இந்த ஊரை உங்களுக்கு ஒரு தடவை ஒழுங்காக் காட்டுதேன்" என்று என்னையும் குழந்தையையும் காரில் ஏற்றி ஐன்ஸ்லி மலைக்குக் கொண்டுபோனாள். உச்சியில் இறங்கி விளிம்புக்கு வந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

கோடு! எங்கள் காலடியில் புறப்பட்டு, அகலமான செம்மண் நிறச் சாலையாக இறங்கி, ஏரியைத் தாண்டி, அக்கரையில் பழைய பாராளுமன்றத்தைத் தொட்டு, அதற்குப் பின்னால் புல் போர்த்த புதிய பாராளுமன்றத்தின் கொடிக்கம்பத்தில் போய் முட்டும் ஒரே கோடு. நூல் பிடித்த மாதிரி. கீழே பதினைந்து நாளாக என்னைச் சுற்றிச் சுற்றி அலையவிட்ட தெருக்கள் எல்லாம் இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. எனக்குச் சத்தம் போட்டுக் கத்தவேண்டும் போல் இருந்தது. கத்தினேன். "அடேயப்பா! அங்குலம் பிசகலியேடா!" பக்கத்தில் நின்ற சீனத் தம்பதி எனக்கு வழிவிட்டார்கள்.

வடிவு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கீழ இருந்து பாத்தா இது தெரியாது. உயிரில்லாத ஊருன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. எனக்கும் முதல் வருஷம் பிடிக்கல. ஒரு நாள் இங்க வந்து நின்னேன். இதைப் பாக்க வேண்டிய ஆள் ஒருத்தர் உண்டு, அவர்கிட்டத்தான் பேச்சு இல்லியேன்னு நெனைச்சேன்."

யார் அந்த ஆள் என்று நான் கேட்கவில்லை.

இறங்கி வருகிற வழியில் ஒரு பெரிய ரவுண்டானா. இந்த ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு ரவுண்டானா உண்டு. இது அவற்றுக்கெல்லாம் ஜமீன்தார். நம்முடைய வழி மூன்றாவது பிரிவு. வடிவு அதைத் தாண்டிப் போனாள்.

"ஏட்டி, வழி போயிருச்சே."

"தெரியும்."

அடுத்த சுற்றிலும் தாண்டினாள்.

"மறுபடியும் போயிருச்சே!"

"அதுவும் தெரியும். டாங்க் நிறைய பெட்ரோல் இருக்கு. நீங்க சொல்லுத வரைக்கும் நான் வெளிய போகப்போறதில்ல. என் கல்யாணத்தன்னைக்கு எங்க இருந்தீங்க?"

"அன்னைக்கு அந்தக் குளம்—"

"குளம் வேண்டாம்."

நூற்றெட்டுச் சுற்று சுற்றினோம் என்று இங்கே பதிவு செய்கிறேன். வலமாகத்தான், இந்த நாட்டு ரவுண்டானாவில் இடம் சுற்ற அனுமதி இல்லை. பின் இருக்கையில் ஆரணி ஒவ்வொரு சுற்றுக்கும் கை தட்டினாள். ஒரு லாரிக்காரன் நாங்கள் நாலாவது தடவை அவனைக் கடந்தபோது எங்களுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டான். நாற்பதாவது சுற்றிலோ ஐம்பதாவதிலோ என் வாய் தானாகத் திறந்தது.

"மண்டபத்துக்கு எதிர்த்த டீக்கடையில இருந்தேன்."

கார் ஒரு கணம் தடுமாறி, மறுபடியும் வட்டத்தைப் பிடித்தது.

"எதிர்த்த டீக்கடையிலயா?"

"காலையில அஞ்சு மணியிலருந்து. மாமன் மாலை கையில இருந்துச்சு. ரோசாவும் மருக்கொழுந்தும் வச்சுக் கட்டுனது. வாசல்ல யாராவது வந்து, 'வாங்க மாமா'ன்னு முறைப்படி ஒரு சொல்லுச் சொல்லிக் கூப்பிட்டா வந்திருப்பேன். மேளக்காரனை அனுப்புவாங்க, இப்ப அனுப்புவாங்கன்னு உக்காந்திருந்தேன்."

"ஐயர் மூணு தடவை கூப்பிட்டாரு" என்றாள் வடிவு. "'பொண்ணுக்கு மாமன் மாலை கொண்டாங்கோ'ன்னு. நான் மணமேடையில நின்னுக்கிட்டு வாசலையே பாத்தேன். நீங்க எப்பவும் லேட்டாத்தானே வருவீங்க, இந்தா வந்துருவாங்கன்னு. கடைசியில அப்பா மேடைத் தூண்ல கட்டியிருந்த மாலையை அவுத்துக் குடுத்தாரு. அதைத்தான் போட்டுக்கிட்டேன்."

ஆரணி அடுத்த சுற்றுக்கும் கை தட்டினாள்.

"நாங்க உள்ள காத்துக்கிட்டு இருந்தோம். நீங்க வெளிய காத்துக்கிட்டு இருந்தீங்க. நடுவுல எவ்வளவு தூரம் இருக்கும்?"

"ரோடு இருபத்திரண்டு அடி."

"அளந்தீங்களா?"

"கண்ணாலேயே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே பக்கம் வந்து முட்டிக்கொண்டன. கண்ணாடியைத் துடைக்கிற தண்ணீரை எதற்கோ போட்டுவிட்டாள். மழையே இல்லாமல் துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டது. அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது என்ன வார்த்தை என்பது இரு நாட்டு அரசாங்கங்களுக்கும் இடையிலான ரகசியம். அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக அதைச் சொன்னதால் உச்சரிப்புக்கு நான் பொறுப்பல்ல.

வடிவு விளக்கைப் போட்டு, மூன்றாவது பிரிவில் காரைத் திருப்பினாள்.

வீட்டு வாசலில் நிறுத்தியபின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை கார்டுல சிவகுமாரன் அண்ணா பேருதான் போட்டிருக்கு. அதை நான் மாத்தமாட்டேன். நீங்க வருவீங்கன்னு நம்பி இன்னொரு தடவை வாசலைப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாது. உங்களை வந்து கூப்பிடவும் மாட்டேன். யாரும் கூப்பிடமாட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். இறங்கிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 21, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் புல்வெளியைக் காலடியால் அளந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது.

மார்ச் 22, சனி

வேட்டியைத் தேய்த்தேன். பிறகு அதை மடித்துப் பெட்டியில் வைத்தேன். பிறகு எடுத்து மறுபடியும் தேய்த்தேன். மயூரன் எட்டிப் பார்த்து, "என்ன மாமா, வேட்டியை அவிக்கிறியளோ?" என்றான்.

மார்ச் 23, ஞாயிறு

இந்த ஊர்ப் பஞ்சாங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் நல்ல நாள்; மற்ற ஆறு நாளும் அலுவலகம். ஒரு சமூகக் கூடத்தை எடுத்திருந்தார்கள். ஊரில் ஜனங்களே இல்லை என்று ஆறாம் தேதி எழுதியிருந்தேன். அத்தனை பேரையும் இதற்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள்! பட்டுச்சேலையும் வேட்டியும் வடையும் வாசனையுமாகப் பத்தாயிரம் பேர். எண்பது இருக்கும் என்று மயூரன்.

கடைசி வரிசையில், கதவோரத்தில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் காலுறை. மேடைக்குக் கீழே கோலம் போட்டு மணை வைத்திருந்தார்கள். காது குத்த ஒரு நர்ஸ் அம்மா கையுறையோடு தயாராக இருந்தார். வடிவு பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கதவைப் பார்க்கவில்லை. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. குழந்தையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயர் மந்திரம் முடித்து, "தாய்மாமன் வரலாம்" என்றார்.

முன்வரிசையில் சிவகுமாரன் எழுந்தார். எழுந்தவர் மணையில் போய் உட்காராமல், வேட்டியை இறுக்கிக் கட்டினார். அவிழ்த்து மறுபடியும் கட்டினார். ஆறடி மனுஷனுக்கு அவ்வளவு நேரம் வேட்டி கட்டத் தேவையில்லை.

"தாய்மாமன்!" என்றார் ஐயர், இரண்டாம் தடவை.

என் நாற்காலியிலிருந்து மணைக்கு நாற்பத்தோரு அடி. முப்பத்து நான்கு வருஷத்தில் நான் அளக்காத தூரமா? காடு அளந்தேன், மேடு அளந்தேன், சுடுகாட்டை அமாவாசையன்று அளந்தேன். இந்த நாற்பத்தோரு அடி எழுந்து நின்று என்னை அளந்தது. நடுவில் எண்பது ஜோடிக் கண். என்னை யார் கூப்பிட்டார்கள், கூப்பிடாத இடத்துக்கு ஏன் வருகிறாய் என்று யாராவது ஒருத்தர் கேட்டால் என் பதில் என்ன? ஆனால் ஐயர் மூன்றாம் தடவைக்கு வாய் திறப்பதற்குள் போய்விடவேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது தடவையை அவள் காதில் விழவிடக்கூடாது.

எழுந்தேன். ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டேன். யாரோ ஒரு அம்மாளின் கைப்பையை மிதித்தேன். ஓடினேன் என்கிறான் மயூரன். நில அளவையர் ஓடுவதில்லை.

நான் போய்ச் சேர்ந்ததும் சிவகுமாரன் இடுப்பில் கையை வைத்து முகத்தைச் சுளித்தார். "அண்ணை, நல்ல வேளை வந்தியள். எனக்கு நாரி பிடிச்சிட்டுது. கீழ இருக்கேலாமக் கிடக்கு. நீங்கள் இருங்கோ." சொல்லிவிட்டு, நாரி பிடித்த அந்த மனுஷன் குனிந்து, தரையில் கிடந்த மணையைத் தூக்கி எனக்கு வசதியாகத் திருப்பிப் போட்டார்.

உட்கார்ந்தேன். என் முட்டி இரண்டும் கூடம் முழுக்கக் கேட்கும்படி வெடித்தன.

வடிவு குனிந்து குழந்தையை என் மடியில் வைத்தாள். வைத்தபோது அவள் முகம் என் காதுக்குப் பக்கத்தில் வந்தது.

"எட்டு வருஷம் லேட்டு, மாமா."

"ரோட்டுல கூட்டம்ட்டி" என்றேன்.

காலுறையிலிருந்து நகைப்பெட்டியை எடுத்தபோது நர்ஸ் அம்மா, "இது சுத்தமானதுதானா?" என்று கேட்டு, கம்மலைப் பிடுங்கிக்கொண்டுபோய் மருந்துத் தண்ணீரில் மூன்று முறை முக்கி எடுத்தார். சிவப்புக் கல் வைத்த கம்மல். வடிவின் கல்யாணச் சீருக்கென்று வாங்கிவைத்த கல்; சின்னதாக மாற்றிச் செய்யச் சொன்னது போன மாதம். இதை யாரிடமும் சொல்லவில்லை. கோமதியிடம்கூட.

இத்துடன் முடித்துக்கொள்கிறேன். பலூன்காரர் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கங்காருகள் எழுந்து நின்றது வேறு எதையோ பார்த்து. ரவுண்டானாவில் நூற்றெட்டு இல்லை, பதினொன்று இருக்கும். எண்ணுகிற நிலையில் நான் இல்லை. எந்தக் குளமும் எங்கேயும் போகவில்லை. இன்று நானாக எழுந்து போனேன் என்பதைக்கூட எங்கள் ஊரில் ஒருத்தனும் நம்பமாட்டான்; நானும் வற்புறுத்தமாட்டேன்.

ஒன்று மட்டும் நிஜம். ரொம்பச் சின்ன விஷயம். முதல் காதுக்கு ஆரணி கூடமே அதிர வீறிட்டாள். இரண்டாவது காதுக்கு அழவில்லை. என் சட்டையின் நடுப் பித்தானை வாயில் கவ்விக் கடித்தபடி, அந்த ஊசி உள்ளே போய் வருகிறவரைக்கும் சும்மா இருந்தாள். எண்பது பேர் சாட்சி. அந்த இடத்தில் இப்போதும் ஈரம் காயவில்லை.